சித்திரை வெயிலில் வளவும் வாயில்லாச் சீவன்களும்: வன்னியில் நாங்கள் செய்யும் தவறுகள்

பங்குனி பிறந்ததும் கனடாவில் இருக்கும் அக்கா படம் அனுப்பத் தொடங்கிவிடுவார். பனி கரைந்துவிட்டது, கன்று வைக்கப் போகிறேன், நீயும் ஏதாவது வை என்பார். அதே கிழமை எங்கள் கிணற்றில் வாளிக் கயிறு இன்னும் ஒரு முழம் கேட்கும். இலங்கையின் வடக்கே இருக்கும் எங்கள் வன்னிக்கு மழை தருவது ஐப்பசி தொடங்கித் தை வரைக்குமான காலம்தான். மாசி முடிய நிலம் காயத் தொடங்கிவிடும், சித்திரையில் பின்னேர இடியோடு நாலு மழை விழுந்தால் உண்டு, பிறகு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுப் பிடித்தால் புரட்டாதி வரை புழுதிதான். வசந்தகாலத் தோட்டம் என்று இணையத்தில் பார்ப்பதை அப்படியே இங்கே செய்வதில் இருந்துதான் தவறுகள் தொடங்குகின்றன.

வருஷப் பிறப்புக்கு நாள் பார்த்து மாங்கன்று, தேசிக்கன்று நடுகிறவர்களை நான் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். அந்தக் கன்று வேர் பிடிக்க முதலே வைகாசி வெயிலையும் சோளகக் காற்றையும் சேர்த்துத் தாங்க வேண்டும். வாங்கிவிட்டீர்கள் என்றால் பையோடு கிணற்றடி நிழலில் வைத்து வளர்த்து, ஐப்பசி மழைக்கு நடுங்கள். ஏற்கனவே நட்டாயிற்று என்றால் மேற்குப் பக்கம் ஒரு கிடுகு சாத்தி, அடியைச் சுற்றிப் பொச்சுமட்டையோ சருகோ போடுங்கள். தண்ணீரை நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, வெயில் தாழ்ந்த பிறகு, ஆழமாக இறங்கும்படி விடுங்கள். மேல் மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். பூசணி, பாகல் பூத்திருக்கும்போது காலையில் மருந்தடிக்காதீர்கள், தேனீ வருவது அப்போதுதான். அடிக்கத்தான் வேண்டும் என்றால் பொழுது படும் நேரத்தில் அடியுங்கள்.

இனிச் சருகு. வருஷப் பிறப்புக்கு முந்தின கிழமை பின்னேரம் முள்ளியவளையில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போனால் வளவுக்கு வளவு புகை. கூட்டிக் குவித்து நெருப்பு வைத்தால்தான் துப்புரவு என்று எங்களுக்கு ஒரு பழக்கம். அந்த வெயிலில் மண்ணுக்கு இருக்கிற ஒரே போர்வை அந்தச் சருகுதான், அதை எரித்துவிட்டுப் பிறகு பசளைக்குக் காசு கொடுக்கிறோம். ஆட்காட்டிக் குருவி முட்டையிடுவதும் இந்த மாதங்களில்தான். கூடென்று எதுவும் கட்டாது, வெறும் தரையில், கூழாங்கல்லைப் போலவே இருக்கும் முட்டைகளை இட்டுவிட்டு, யார் கிட்டப் போனாலும் தலைக்கு மேலே பறந்து கத்தும். அது ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கத்தினால் அந்த இடத்தைக் கொளுத்தவும் வேண்டாம், உழவும் வேண்டாம். முட்டை பொரித்த அன்றோ அடுத்த நாளோ குஞ்சுகள் நடந்து போய்விடும், அதுவரைக்கும் அந்த மூலையை விட்டுவிடுங்கள்.

நெருப்பு வைக்காமல் இருக்க எங்கள் மண்ணுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. 2009 மே மாதத்தோடு சண்டை முடிந்தது, மண்ணுக்குள் கிடப்பது முடியவில்லை. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது. நெடுங்காலம் ஆட்கள் இல்லாமல் கிடந்த காணியில், பற்றை வெட்டிக் குவித்துக் கொளுத்தும்போது அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் இருந்து வந்து தகப்பனின் காணியைத் துப்புரவாக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஆளும் இருப்பதில்லை. மண்வெட்டியில் இரும்பு தட்டுப்பட்டால் கிண்டிப் பார்க்காதீர்கள், தட்டாதீர்கள், தூக்கிக் குளத்திலோ பாழ்கிணற்றிலோ போடாதீர்கள். இடத்துக்கு ஒரு அடையாளம் வைத்துவிட்டு, பிள்ளைகளையும் நாயையும் கூட்டிக்கொண்டு, வந்த வழியாலேயே திரும்பி வந்து 119 பொலிஸ் இலக்கத்துக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் பக்கம் ஆடு போய்விட்டது என்றால், ஆடு தானாக வரட்டும். இதில் நான் யாரோடும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

வளவில் தலை இல்லாத பனை நிற்கிறதா? ஷெல் பட்டுத் தலை போன பனைகள் எங்கள் பக்கம் எத்தனையோ. பட்ட மரம் ஏன் நிற்கிறது என்று தறித்துவிடுகிறோம். அந்தப் பொந்துகளில்தான் கிளியும் மைனாவும் ஆந்தையும் குஞ்சு பொரிக்கின்றன. வீட்டின் மேலேயோ வழியிலேயோ விழக்கூடிய மரம் என்றால் வெட்டத்தான் வேண்டும், அதையும் ஆவணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வேலிக் கரையில் தூர நிற்பதை விட்டுவிடுங்கள். கிளிக்குஞ்சு எடுக்கப் பிள்ளைகளைப் பட்ட பனையில் ஏற்றுவது கிளிக்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது.

குஞ்சு எடுப்பது என்றதும் புலுனிக் குருவி நினைவுக்கு வருகிறது. சித்திரை, வைகாசியில் இறகு முளைத்தும் சரியாகப் பறக்கத் தெரியாமல் தத்திக்கொண்டு ஒரு குஞ்சு முற்றத்துக்கு வரும். பாவம், விழுந்துவிட்டது என்று தூக்கி, பெட்டியில் போட்டு, சோறு தீத்தி, சொண்டைத் திறந்து தண்ணீர் விட்டு, இரவுக்குப் பால் கொடுத்து, விடியச் செத்துக் கிடந்தால் அழுவோம். நானும் சின்ன வயதில் அப்படி இரண்டு குஞ்சுகளைக் கொன்றிருக்கிறேன். அது விழுந்த குஞ்சு அல்ல, பறக்கப் பழகுகிற குஞ்சு. தாய்தகப்பன் பக்கத்துக் கொப்பில்தான் நிற்கும், நீங்கள் நிற்பதால்தான் இறங்காது. பூனையைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டு, குஞ்சை ஒரு செடியில் ஏற்றி வைத்துவிட்டு விலகுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடித் திரும்ப வையுங்கள். மனுசக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று எங்கள் அம்மம்மா சொல்வார், பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாய்க்குள் தண்ணீர் விடுவதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள், அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பறவைகளுக்குப் பால் செரிக்காது. வேலி அடைக்கவும் கூரை வேயவும் போட்டு வைத்த கிடுகுக் கும்பியை இழுக்க முதல் அணில் கூடு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பாம்புக்கும் வெக்கைதான். குடத்தடி, கிணற்றடி, கோழிக்கூட்டு நிழல் என்று ஈரத்தைத் தேடி வரும். புதூர் நாகதம்பிரான் கோயிலுக்குப் போய்ப் பொங்கிவிட்டு வருகிற நாங்களே வீட்டுப் படலைக்குள் சாரையைக் கண்டால் தடி எடுக்கிறோம். சாரைக்கு விசமில்லை, நெல்லு மூட்டைக்கு வரும் எலியைத் தின்கிற பாம்பு அது. அதிகம் பயப்பட வேண்டியது கண்ணாடி விரியனுக்கும் கண்டங்கருவழலைக்கும். விரியன் சருகுக்குள்ளும் வைக்கோலுக்குள்ளும் கிடக்கும் என்பதால் அங்கே வெறும் கையை விடக்கூடாது, தடியால் கிளறிவிட்டுத்தான் அள்ள வேண்டும். கருவழலை வேறு மாதிரி. வெக்கை தாங்காமல் இரவில் முற்றத்திலோ விறாந்தையிலோ பாய் விரித்துப் படுக்கிறோம் அல்லவா, அந்தப் பாய்க்குத்தான் அது வரும். கடித்தது பலருக்குத் தெரியாது, வலியும் பெரிதாக இருக்காது, விடியப்புறம் வயிறு நோகுது, கண் திறக்க முடியவில்லை, இமை விழுகிறது என்று சொல்லும்போது நேரம் போயிருக்கும். கட்டிலில் படுங்கள். தரைதான் என்றால் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். இரவில் வெளியே போகும்போது டோர்ச் வேண்டும்.

கடிபட்ட பிறகு செய்யும் தவறுகள் தனி. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, விசக்கல் வைப்பது, பார்வை பார்த்து மந்திரிக்கக் கூட்டிப்போய் இரண்டு மணித்தியாலம் இழப்பது, இத்தனையும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் ஆசுபத்திரிக்குப் போங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. விச முறிவு மருந்து ஆசுபத்திரியில்தான் இருக்கிறது. நாய்க்குக் கடித்து முகம் வீங்கினாலும் இதே வேகத்தில் கால்நடை வைத்தியரிடம் போக வேண்டும், தேங்காய்ப்பால் பருக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு மனம் கொதிக்கும். உண்ணி பிடித்த நாயை வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டுகிறார்கள், சொறி பிடித்தால் மோட்டார் சைக்கிளில் இருந்து கழித்த ஒயிலைப் பூசுகிறார்கள். நாய் தன் உடம்பை நக்கும், நக்கினால் அவ்வளவும் வயிற்றுக்குள். அடுத்த வீட்டு நாய் ஒன்று இப்படி வாயில் நுரை தள்ளிச் செத்ததைக் கிட்ட நின்று பார்த்தவன் நான், அவர்களும் அன்பில்தான் செய்தார்கள். உண்ணிக்கும் சொறிக்கும் நல்ல மருந்துகள் இருக்கின்றன, அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேளுங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவும் கூடாது, அதில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. பூனைக்குக் காய்ச்சல் என்று அரைப் பனடோல் கொடுத்தாலும் போதும், அது செத்துவிடக்கூடும்.

வெயிலுக்கு நாயைத் தகரக் கொட்டிலுக்குள் கட்டாதீர்கள். நிழல் நகர நகர அதுவும் நகர வழி வேண்டும். மூச்சு வாங்கி விழுந்துவிட்டால் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஈரச் சாக்கால் மூடிவிடாதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள், நாய் வளவை விட்டுப் போகாது என்பது போடாமல் விடக் காரணமல்ல. நாயோ பூனையோ குரங்கோ கீரியோ எது கடித்தாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். ஆட்டுக்குப் புல் இல்லை என்று பச்சை மரவள்ளி இலையை நிறையப் போடாதீர்கள், அதில் சயனைட் இருக்கிறது. அலரிக் கொப்பையும் பட்டிக்குள் எறிய வேண்டாம்.

குளங்கள் வற்ற வற்றக் காடு எங்களுக்குக் கிட்ட வரும். படுக்கிற அறைக்குள் நெல்லையும் உப்பையும் அடுக்கி வைத்தால் அந்த மணத்துக்கு யானை சுவரையே இடிக்கும், பழுத்து விழும் மாம்பழத்தைப் பொறுக்காமல் விட்டாலும் வரும். யானை நிற்கும் இருட்டுக்குள் நாயை ஏவிவிடுவது பெரிய பிழை. நாய் குரைத்துவிட்டுத் திரும்ப உங்களிடம்தான் ஓடி வரும், அதன் பின்னால் யானையும் வரும். வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பதும் சுருக்குக் கம்பி கட்டுவதும் சட்டத்துக்கு மாறானவை, பன்றிக்கு என்று வைத்ததில் அடுத்த வீட்டுப் பிள்ளையும் படலாம், சிறுத்தையும் படலாம். வீட்டில் எல்லோரும் 1992 என்ற வனசீவராசிகள் திணைக்கள இலக்கத்தைத் தெரிந்து வைத்திருங்கள்.

வைகாசி, ஆனியில் பாலைப்பழத்துக்குக் காட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே சொல்தான், நாயைக் கொண்டு போகாதீர்கள். பாலைப்பழம் கரடிக்கு உயிர். மரத்திலும் இருக்கும், மரத்தடியிலும் இருக்கும், நாங்கள் சத்தமில்லாமல் போய்க் கிட்ட முட்டினால்தான் திடுக்கிட்டுப் பாயும், பாய்ந்தால் முகத்தையும் தலையையும்தான் பிய்க்கும். மூன்று நாலு பேராய், கதைத்துக்கொண்டு, விடிந்து வெளிச்சம் வந்த பிறகு போங்கள். முதலை உள்ள குளத்தில் பொழுது பட்ட பிறகு இறங்கவும் வேண்டாம், கரையில் நாயைக் குளிப்பாட்டவும் வேண்டாம்.

சித்திரை மழைக்கு அடுத்த நாள் றோட்டுக் கரையில் நட்சத்திர ஆமை நடந்து வரும். அழகாக இருக்கிறது, பிள்ளைகள் விளையாடட்டும் என்று தூக்கி வந்து கிணற்றிலோ தண்ணீர்த் தொட்டியிலோ விடுகிறார்கள். அது தரை ஆமை. நீந்தத் தெரியாது, மூழ்கிச் செத்துவிடும். வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். றோட்டில் கண்டால், அது எந்தப் பக்கம் பார்த்துப் போகிறதோ அந்தப் பக்கத்துப் பற்றைக்குள் கொண்டுபோய் விடுங்கள்.

வளவுச் சீவன்களுக்குத் தண்ணீர் வைக்கிறவர்கள் ஆழமான சட்டி வைக்காதீர்கள். குஞ்சுகளும் ஓணானும் விழுந்தால் ஏற முடியாது. தட்டையான மண்சட்டியில் நடுவே ஒரு கல்லை வைத்து, பூனை பதுங்க இடமில்லாத வெளியில், வேப்பமர நிழல் விழும் இடமாகப் பார்த்து வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி, உள்பக்கத்தைப் பொச்சால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் புதுத் தண்ணீர் விட வேண்டும், டெங்கு நுளம்பின் முட்டை சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். கொட்டுகிற தண்ணீரை அந்தத் தேசிக்கன்றுக்கு ஊற்றுங்கள்.