சிக்னல் ஹேண்ட்லருக்குள் மால்லாக் வேண்டாம்

லினக்ஸில் சி எழுதுபவரா? சிக்னல் வந்ததும் புரோகிராமை இடைமறித்து ஓடும் ஃபங்ஷன்தான் சிக்னல் ஹேண்ட்லர். அதற்குள், மெமரி வாங்கித் தரும் மால்லாக் (malloc) பக்கமே போகாதீர்கள். பல திரெட் ஓடும் புரோகிராமில், மால்லாக் தன் லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பிடித்திருக்கும் நேரம் பார்த்து சிக்னல் வந்து, ஹேண்ட்லரும் மால்லாக்கைக் கூப்பிட்டால், அந்த திரெட் தன் கையிலேயே இருக்கும் லாக்குக்காகக் காத்து நிற்கலாம். கிராஷ்கூட ஆகாது, அப்படியே உறைந்துவிடும். டெஸ்டிங்கில் சிக்கவே சிக்காது. கஸ்டமரிடம் போய்த்தான் காலை வாரும்.

அச்சிடும் பிரிண்ட்எஃப்பும் (printf) இதே ரகம். பஃபரை நாம்தானே தருகிறோம் என்று எஸ்என்பிரிண்ட்எஃப்பை (snprintf) நம்பாதீர்கள், யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரம் ஹேண்ட்லருக்குள் பாதுகாப்பானவை என்று தரும் ஃபங்ஷன் பட்டியலில் அது இல்லை. எண் அச்சிட வேண்டுமா? 24 பைட்டில் ஒரு லோக்கல் அரே வைத்து, எண்ணைப் பத்தால் வகுத்துக்கொண்டே போய், மீதியைப் பின்னாலிருந்து நிரப்பி, ரைட் (write) மூலம் எழுதுங்கள். 64 பிட் எண், குறியோடு சேர்த்தே, 20 எழுத்தைத் தாண்டாது.

பலர் ஏமாறும் இடம், எந்தெந்த ஃபங்ஷன் வழியாக இங்கே வந்தோம் என்று காட்டும் பேக்டிரேஸ் (backtrace). லினக்ஸில் பரவலான சி லைப்ரரியான ஜிலிப்சியில் (glibc) அதை முதல்முறை கூப்பிடும்போது லிப்ஜிசிசி (libgcc) என்ற இன்னொரு லைப்ரரி லோடாகும், அதற்குள் மால்லாக் ஒளிந்திருக்கிறது. அதனால் மெயினின் தொடக்கத்திலேயே சும்மா ஒருமுறை கூப்பிட்டு வைத்துவிடுங்கள். ஃபங்ஷன் பெயர்களை அச்சிட பேக்டிரேஸ்_சிம்பல்ஸ் வேண்டாம், அது மெமரி கேட்கும். பேக்டிரேஸ்_சிம்பல்ஸ்_எஃப்டி கேட்காது.