ஜித்தாவின் பலத்: பழைய வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உம்ரா முடித்து ஊர் திரும்புகிறவர்களுக்கு ஜித்தாவில் ஒரு மாலை மிச்சமிருந்தால், அங்கே வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் பலத் என்ற பழைய நகரப் பகுதிக்குத்தான் கூட்டிப் போவார்கள். அத்தரும் தொழுகை விரிப்பும் பேரீச்சையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கடைப் பலகைகளுக்கு மேலே நான்கு ஐந்து மாடி உயரத்துக்கு மரச் சன்னல்களோடு நிற்கும் வீடுகளை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களும் சில தவறான எண்ணங்களோடு பார்க்கிறார்கள். செங்கடல் கரையின் மிக முக்கியமான ஒரு நகரப் பகுதி இப்படிப் பாதி மட்டுமே புரிந்துகொள்ளப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரின் வயதை வீட்டின் வயதாக எடுத்துக்கொள்வது

மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) காலத்தில், கி.பி. 647-இல், மக்காவுக்கான துறைமுகமாக ஜித்தா ஆனது. இதைக் கேட்டுவிட்டு இந்த வீடுகளும் ஆயிரம் ஆண்டு பழையவை என்று சொல்லிவிடுகிறார்கள். ஷாஃபிஈ பள்ளிவாசலின் மினாரா 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் உங்கள் கழுத்தை வளைக்கவைக்கும் அந்தக் கோபுர வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தவை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் வந்தன. ஹாஜிகளின் கூட்டம் பெருகியது, இந்தியாவோடும் எகிப்தோடும் நடந்த வணிகமும் பெருகியது. அந்தப் பணம்தான் இந்த வீடுகளாக நிற்கிறது. 2014-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோதும் 'மக்காவின் வாயில்' என்ற பெயரோடுதான் ஜித்தாவின் பழைய நகரத்தைப் பட்டியலில் சேர்த்தது. ஹஜ் பயணத்தை விட்டுவிட்டு இந்த வீடுகளைப் புரிந்துகொள்ள முடியாது.

இன்னொன்று: கடல் எங்கே என்று தேடிக் குழம்புவது. துறைமுக நகரம் என்கிறார்கள், கடல் தள்ளியிருக்கிறதே என்று கேட்பார்கள். கரையை நிரவி நகரம் வெளியே நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பவளப்பாறைகள் இருந்ததால் பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஹாஜிகள் சிறு படகுகளில் பாப் அல்-புன்த் என்ற துறைமுக வாசல் பக்கம் வந்து இறங்குவார்கள். பிறகு சூக் அல்-அலவி கடைத்தெரு வழியாக ஊரைக் குறுக்கே கடந்து பாப் மக்கா வாசலுக்குப் போய், அங்கிருந்து மக்கா சாலையைப் பிடிப்பார்கள். பலத்தைச் சுற்றிப் பார்க்க இதைவிட நல்ல பாதை கிடையாது. கார் நிறுத்தம், கடை, கார் நிறுத்தம் என்று திரும்பாமல், இந்தப் பாதையில் ஒருமுறை முழுக்க நடந்து பாருங்கள்.

ரோஷானை வெறும் அலங்காரம் என்று நினைப்பது

சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கூண்டுச் சன்னலுக்கு ரோஷான் என்று பெயர். பெண்களை மறைக்கக் கட்டியது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மறைவும் ஒரு காரணம்தான். ஆனால் ஜித்தாவின் கோடை எப்படிப்பட்டது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வெயிலைவிட அந்தப் புழுக்கம்தான் ஆளைக் கொல்லும். ரோஷான் சுவருக்கு நிழல் தருகிறது. வெளியே நீட்டியிருப்பதால் மூன்று பக்கக் காற்றையும் பிடிக்கிறது. மரச்சட்டங்களின் இடுக்கு வழியே கண்கூசாத வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. அதற்குள்ளேயே உட்கார்ந்து பேசுவார்கள், படுத்துத் தூங்குவார்கள், மண் கூஜாவை வைத்துத் தண்ணீரைக் குளிரவைப்பார்கள். அதற்கான தேக்கு இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலில் வந்தது.

சுவர்களும் கடலிலிருந்து வந்தவைதான். செங்கடல் பவளப்பாறையை வெட்டி எடுத்துக் கட்டினார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கல் பழக்கமானது. கல் வரிசைகளுக்கு இடையே சில அடிக்கு ஒருமுறை நீளவாக்கில் மரச்சட்டங்களைப் படுக்கவைத்திருப்பார்கள். தக்காலீல் என்கிறார்கள். கல் சீரற்றது, தரையும் உறுதியானதல்ல. பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவ இந்தச் சட்டங்கள் உதவுகின்றன.

இங்கேதான் மிகப் பெரிய சேதத்தைச் செய்த தவறு வருகிறது: சிமெண்ட் பூசிப் பழுதுபார்ப்பது. பவளக்கல் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் கல். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டுக் கல் பொடிந்துபோகிறது. போதாக்குறைக்கு, கழிவுநீர்க் குழாய் நெடுங்காலம் எட்டாத பகுதிகள் ஜித்தாவில் இருந்ததால் நிலத்தடி நீர் மேலே ஏறி அடித்தளத்தை நனைத்தது. வெளியே பார்க்கப் புதிதாகத் தெரியும் சிமெண்ட் சுவர் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கும். சுண்ணாம்பும் மரமும் தெரிந்த கைவினைஞர்களைக் கொண்டு வேலை செய்த வீடுகளைப் பார்க்கும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. நம் ஊரில் பழைய சுண்ணாம்புக் காரை வீடு வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பைத் நஸீஃபோடு திரும்பிவிடுவது

எல்லோரும் போகும் வீடு இது. போகத்தான் வேண்டும். ஜித்தாவின் ஆளுநராக இருந்த உமர் நஸீஃப் எஃபந்திக்காக 1872-இல் தொடங்கி 1881-இல் கட்டி முடித்தது. 1925 டிசம்பரில் ஜித்தா தன் வசமானபோது, சவூதி அரேபியாவை நிறுவிய மன்னர் அப்துல் அஸீஸ் இங்கே தங்கினார். வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. நெடுங்காலம் 'மரம் நிற்கும் வீடு' என்றுதான் இதை அடையாளம் சொன்னார்கள், ஏனென்றால் நல்ல தண்ணீர் இல்லாத அந்த ஊரில் மரமே அபூர்வம். மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்துத்தான் குடித்தார்கள்.

சரி, அதோடு நிறுத்திவிடாதீர்கள். பைத் மத்பூலி, பைத் பாஇஷன் இருக்கின்றன. ஹாரத் அஷ்ஷாம், ஹாரத் அல்-மஸ்லூம், ஹாரத் அல்-யமன் என்று பழைய பேட்டைகள் இருக்கின்றன. போகும் நேரமும் முக்கியம். மதியத்தில் கடை அடைத்திருக்கும், வெயில் தாங்காது. வெள்ளிக்கிழமை காலையிலும் ஊர் உறங்கும். அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு போனால் இஷா என்ற இரவுத் தொழுகை தாண்டியும் நடக்கலாம். முஸ்லிம் அல்லாதவர்கள் ஜித்தாவுக்குள் வரக் கூடாது என்று நினைத்துச் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தடை மக்காவுக்கானது, ஜித்தாவுக்கு இல்லை.

வீடுகள் வேறு, வெளிநாட்டுக்காரர் பகுதிகள் வேறு என்று பிரிப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் நினைப்பது இதைத்தான். சுற்றுலாக்காரர்களுக்குப் பலத், வேலைக்கு வந்தவர்களுக்கு ஷரஃபிய்யா, அஸீஸிய்யா போன்ற புதுப் பகுதிகள் என்று பேசுகிறோம். பலத்தே வந்தேறிகள் கட்டிய ஊர். யமனின் ஹள்ரமவ்த்திலிருந்து வந்த வணிகர்கள், ஹஜ்ஜுக்கு வந்து தங்கிவிட்ட மத்திய ஆசியப் புகாராக்காரர்கள், ஜாவாக்காரர்கள், மேற்கு ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள். புகாரி, ஹிந்தி, மலிபாரி என்ற குடும்பப் பெயர்களோடு இன்று சவூதிக் குடிமக்களாக இருப்பவர்களின் முன்னோர்கள் அவர்கள். அவர்களை வெளிநாட்டுக்காரர்கள் என்று எண்ணிப் பேசுவது மரியாதையும் இல்லை, உண்மையும் இல்லை. சாப்பாட்டிலும் இதைப் பார்க்கலாம். புகாரிச் சோறு, கறி வைத்து ஆவியில் வேகவைக்கும் மந்தூ, ஹள்ரமவ்த்தின் கறிச்சோறான மந்தி, அப்புறம் முட்டையும் கறியும் வைத்து மடித்துச் சுடும் முதப்பக். நம் ஊர் முர்தபாவுக்கு அது நெருங்கிய சொந்தம்.

1947-இல் ஊர் மதில் இடிக்கப்பட்டது. அதே காலத்தில் வாதி ஃபாத்திமா பள்ளத்தாக்கிலிருந்து குழாயில் தண்ணீரும் வந்தது. எண்ணெய்ப் பணமும் சேர்ந்துகொள்ள, வசதியான குடும்பங்கள் தோட்டமும் காருக்கு இடமும் உள்ள புதுப் பகுதிகளுக்குப் போய்விட்டன. காலியான வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டுக் குறைந்த வாடகைக்கு விடப்பட்டன. யமனிகள், ஆப்பிரிக்கர்கள், நம் தெற்காசியத் தொழிலாளிகள் அங்கே குடியேறினார்கள். கண்டபடி இழுத்த மின்கம்பிகளால் தீ விபத்துகளும் நடந்தன. 'இவர்கள் வந்துதான் வீடுகள் கெட்டன' என்று சொல்வதை அடிக்கடி கேட்கலாம். கூரையைப் பூசிப் பராமரிக்க வேண்டிய பொறுப்பு உடைமையாளருடையது. அறைக்கு ஆறு பேராகப் படுத்து ஊருக்குப் பணம் அனுப்பியவன் மேல் அந்தப் பழியைப் போடுவது அநியாயம்.

ஷரஃபிய்யாவையும் அஸீஸிய்யாவையும் ஒன்றாகப் பார்ப்பதும் சரியல்ல. ஷரஃபிய்யா மலையாளிகளின் கடைகளும் கிளினிக்குகளும் நெருங்கிய சந்தைப் பகுதி. தனியாக வேலைக்கு வந்தவர்களின் சந்திப்பிடம். அஸீஸிய்யா இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களின் பகுதி, பள்ளிக்கூடங்களை ஒட்டி வளர்ந்தது. சுற்றுமதிலுக்குள் இருக்கும் மேற்கத்தியர் காம்பவுண்டுகள் முற்றிலும் வேறு உலகம்.

பழைய ஆட்களின் வழிகாட்டலை அப்படியே நம்பி வீடு தேடுவதும் இப்போது சரிவராது. 2021-இன் பிற்பகுதியிலிருந்து 2022 வரை ஜித்தாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள் இடிக்கப்பட்டன. ஹிந்தாவிய்யா, குலைல், பெட்ரோமின் போன்ற பேட்டைகளில் தலைமுறைகளாக இருந்தவர்கள் சிதறிப்போனார்கள். வாடகையும் இப்போது ஈஜார் என்ற அரசுத் தளத்தில் பதிவான ஒப்பந்தத்தின்படிதான். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

பழைய வீடுகளுக்கு உடைமையாளர் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. அவற்றில் வாடகைக்கு இருந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது. 1980-களிலோ 90-களிலோ ஜித்தாவில் இருந்த மாமாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், எந்த ஹாராவில் (பேட்டையில்), எந்தத் தெருவில், யாரோடு தங்கினார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். பெட்டியில் கிடக்கும் படங்களின் பின்பக்கம் இடமும் ஆண்டும் குறித்து வையுங்கள். ஹிந்தாவிய்யாவில் எடுத்த படமாக இருந்தால் அதை முதலில் செய்யுங்கள். அந்தத் தெருவைப் போய்ப் பார்த்து உறுதிசெய்துகொள்ள இனி வழியில்லை.