பழைய அரத்தில் ஓர் உளி

தேய்ந்துபோன தட்டை அரம் ஒன்றைச் சாணையில் தீட்டி அரை அங்குல உளி செய்தேன். தேக்கில் ஒழுங்காக இழைத்தது. கருவேலங்கட்டையில் கொட்டாப்புளியால் நான்கு அடி அடித்ததும் முனை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அரத்தின் எஃகு கண்ணாடிபோலக் கடினமானது, அடி தாங்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பற்களைச் சாணையில் நீக்கி, முதுகைப் பளபளவென்று தேய்த்தேன். பளபளப்பு இல்லாவிட்டால் சூடேறும்போது எஃகின் நிறம் மாறுவது தெரியாது. பிறகு அந்தக் கடினத்தைக் கொஞ்சம் தணிக்க, சமையலறை மின் அடுப்பில் 220 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். (கேக் வேகும் அடுப்பில் இரும்பா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.) முதுகில் வெளிர் வைக்கோல் நிறம் படர்ந்தது. அதுதான் பதம்.

முனையை மறுபடி தீட்டும்போது அவசரப்பட்டேன், ஓரம் நீலமாகிவிட்டது. நீலம் ஏறினால் சூடு மிஞ்சி எஃகு மென்மையாகிவிட்டது என்று பொருள், முனை சீக்கிரம் மழுங்கும். அந்தப் பகுதியை முழுவதும் தேய்த்து நீக்கி, இந்தமுறை நொடிக்கொருதரம் தண்ணீரில் நனைத்து, 30 டிகிரி சரிவில் முடித்தேன்.

புளியங்கட்டையில் பிடி, செம்புக் குழாய்த் துண்டில் பூண். கருவேலத்தில் அதே இடத்தில் அடித்துப் பார்த்தேன். முனை அப்படியே இருக்கிறது. பிடிதான் கொஞ்சம் கோணல்.