தண்டில் விழுந்த விரிசலும் நான் திருத்திய கணக்கும்

சக்கரம் இறுக்கிப் பொருத்தப்பட்ட எஃகுத் தண்டு ஒன்று, நான் கணித்த ஆயுளுக்கு வெகு முன்பே முறிந்தது. சக்கரத்தைக் கழற்றியபோது, பொருத்து விளிம்பை ஒட்டிச் செம்பழுப்புத் தூள் வளையமாகப் படிந்திருந்தது. சில மைக்ரான் அளவேயான உரசலின் தடயம் அது. நானோ வளைவுத் தகைவை (தண்டு வளையும்போது அதனுள் ஓரலகுப் பரப்பில் எழும் விசையை) மட்டுமே கணக்கில் கொண்டிருந்தேன். உராய்வைச் சேர்த்ததும், கணினி மாதிரியில் தண்டைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் வலையை நுணுக்க நுணுக்க விளிம்பில் தகைவு ஏறிக்கொண்டே போயிற்று. அதை நம்பினால் தண்டு ஒரு நாள்கூடத் தாங்காது (இது வேறு வகை அபத்தம்). ஆகவே, பரப்புக்குக் கீழே சிறிது ஆழம் வரை தகைவைச் சராசரியாக்கி விரிசலின் தொடக்கத்தையும், ஒவ்வொரு சுமைச் சுழற்சிக்கும் விரிசல் எவ்வளவு நீளும் என்று கூறும் பாரிஸ் விதியைக் கொண்டு அதன் வளர்ச்சியையும் தனித்தனியே கணித்தேன். இந்த இரு கட்டங்களுக்கு ஏற்ப, முறிமுகத்திலும் (முறிந்த பரப்பிலும்) விரிசல் முதலில் சாய்வாக இறங்கி, பின்னரே அச்சுக்குச் செங்குத்தாகத் திரும்பியிருந்தது. பொருத்துமிடத்தின் விட்டத்தைச் சற்றுக் கூட்டி, அதன் ஓரத்தைத் தாராளமான ஆரத்துடன் வளைத்துக் கடைந்த மாற்றுத் தண்டு இன்னும் ஓடுகிறது.