விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் எழுத ஒரே ஹார்ட் டிஸ்க்

விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை மேக்கில் செருகினால் ஃபைல் எல்லாம் தெரியும், திறக்கும், காப்பிகூட எடுக்கலாம், ஆனால் புதிதாக எதையும் போட விடாது. டிஸ்க் கெட்டுப்போகவில்லை. அது என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில், அதாவது விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையில் இருக்கிறது, மேக் அதைப் படிக்கும், எழுதாது, அவ்வளவுதான். மேக்கின் ஏபிஎஃப்எஸ் டிஸ்க்கையோ லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்க்கையோ விண்டோஸில் செருகினால் இன்னும் மோசம், ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று தட்டிவிடாதீர்கள்!

மூன்றுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்தான். மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டுவந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே 2019-ல் சேர்ந்துவிட்டது. பழைய ஃபேட்32-வும் எல்லாவற்றிலும் ஓடும், ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக் கூடாது, கல்யாண வீடியோ ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

முதலில் டிஸ்க்கில் இருப்பதை வேறு இடத்தில் காப்பி எடுத்து, அது ஒழுங்காகத் திறக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் ஃபார்மட் செய்தால் எல்லாம் போய்விடும். விண்டோஸில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் போய், எக்ஸ்ஃபேட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்து, வியூ மெனுவில் எல்லா டிவைஸையும் காட்டச் சொல்லி, பட்டியலில் மேலே நிற்கும் முழு டிஸ்க்கையே தேர்ந்தெடுத்து இரேஸ் கொடுங்கள். ஃபார்மட் எக்ஸ்ஃபேட், ஸ்கீம் ஜியுஐடி.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை உண்டு. என்டிஎஃப்எஸ் மாதிரி அதில் ஜர்னல் கிடையாது, அதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் பாதியில் நின்ற வேலையைச் சரிக்கட்ட அதனிடம் குறிப்பு எதுவும் இல்லை. எஜெக்ட் கொடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும், இதில் சோம்பல் கூடாது.

மேக்கே இல்லை, விண்டோஸும் லினக்ஸும் மட்டும்தான் என்றால் என்டிஎஃப்எஸ்ஸே இருக்கட்டும், இரண்டிலும் எழுதலாம். திடீரென்று லினக்ஸ் எழுத மறுத்தால், விண்டோஸை முழுதாக அணைக்காமல் ஹைபர்னேட்டில் விட்டிருக்கிறீர்களா, அல்லது அங்கே எஜெக்ட் செய்யாமல் கழற்றினீர்களா என்று பாருங்கள். டிஸ்க்கைத் திரும்ப விண்டோஸில் செருகி, எரர் செக்கிங் ஓடவிட்டு, முறையாக எஜெக்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். லினக்ஸில் வலுக்கட்டாயமாக எழுத வைக்கும் வழிகளும் உண்டு, முக்கியமான ஃபைல் இருக்கும் டிஸ்க்கில் வேண்டாம்.

அப்புறம், மேக்கிலேயே இருக்கும் பேக்கப் வசதியான டைம் மெஷினின் பேக்கப்பை எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் நேரடியாக எடுக்க முடியாது. அதற்குத் தனி டிஸ்க் வாங்குவதே நல்லது.