சாட்ஸ்வொர்த் பாட்டியிடம் என்ன கேட்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இளங்கலை ஆய்வுக்குக் கட்டாய இடப்பெயர்வைத் தலைப்பாக எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து கிளப்பப்பட்டு, 1960-களில் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர்களிடம் "அப்போது எப்படி இருந்தது?" என்று கேட்டால், "கஷ்டம்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொருளைப் பிடித்துக் கேளுங்கள். பழைய வீட்டு வாசலில் என்ன மரம் நின்றது, எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள், வேலைக்குப் போக எந்த பஸ், கட்டணம் எவ்வளவு கூடியது? வாடகை ரசீதோ நோட்டீஸோ பெட்டியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். காகிதம் கைக்கு வந்தால் தெருப் பெயரெல்லாம் தானாக வந்து விழும். ஆண்டுகளை மட்டும் அப்புறம் ஆவணங்களோடு ஒத்துப் பாருங்கள். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் தேடத் தொடங்கலாம். மகனும் மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள் (எந்த வீட்டில்தான் இது இல்லை!), ஆகவே தனியாகப் பேசுங்கள்.

பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வருமுன் ஒரு பேட்டியும் வேண்டாம், சொந்தப் பாட்டியானாலும் சரி. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இனம், மதம், உடல்நலம் பற்றிய விவரங்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பதிவை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.