பிரேக் ஒயில்: எப்போது பார்ப்பது, எப்படி மாற்றுவது

பிரேக் மிதியை அழுத்தும்போது உங்கள் காலின் விசையைச் சக்கரம்வரை கொண்டுபோவது பிரேக் ஒயில்தான். திரவம் அமுங்காது என்பதால் அழுத்தம் குறையாமல், சக்கரத்தோடு சுற்றும் தட்டை இறுக்கும் பேட்களுக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். நீர் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். பிரேக் ஒயிலின் தரத்தை டொட் (DOT) எண்ணால் குறிப்பார்கள். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் கலந்தால் அந்தக் குறைந்தபட்ச அளவு 140. டொட் 4-க்கு இவை 230, 155.

கொழும்பின் காலி வீதி (Galle Road) நெரிசலில் ஊர்ந்து போகும்போது இந்தக் குறை வெளியே தெரியாது. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் நீண்ட நேரம் பிரேக்கை மிதித்தபடி இறங்கும்போது பேட்டின் சூடு, அதை அழுத்தும் கலிப்பருக்குள் ஏறி, நீர் கலந்த ஒயில் கொதிக்கும். ஆவி அமுங்கக்கூடியது. மிதி அடிவரை போகும், வண்டி நிற்காது. சூடு ஆறியதும் மிதி பழையபடி இறுகிவிடுவதால், பலர் அதைக் கராஜில் காட்டாமலே விட்டுவிடுகிறார்கள்.

மட்டம் பார்த்தல்

காரைச் சமதரையில் நிறுத்திப் பொனட்டைத் திறங்கள். ஓட்டுநர் பக்கம், பின்சுவரை ஒட்டி ஒரு சிறிய வெண்மையான தொட்டி இருக்கும். ஒயில் மேல், கீழ் கோடுகளுக்கு இடையில் நிற்கவேண்டும். மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே பாருங்கள்.

மட்டம் மெதுவாக இறங்கியிருந்தால் பெரும்பாலும் பேட் தேய்ந்திருக்கும். அப்போது ஒயில் ஊற்றி நிரப்பாதீர்கள். புதிய பேட் போடும்போது கலிப்பரின் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு, ஒயில் வழிந்து பெயின்டை அரித்துவிடும். திடீரென இறங்கியிருந்தால் அது கசிவு. வண்டியை ஓட்டவே வேண்டாம்.

நிறம் பிளேன்டீ போலக் கறுத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் நிறம் நன்றாக இருப்பதை நம்பமுடியாது, நீர் கலந்த ஒயிலும் தெளிவாகவே இருக்கும். நாங்கள் காலத்தைத்தான் கணக்கில் எடுக்கச் சொல்வோம்: 2 ஆண்டுக்கு ஒருமுறை. ஜப்பானில் 2 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வாகனப் பரிசோதனையின்போது இதையும் மாற்றுவது வழக்கம். அங்கிருந்து வந்த காரைப் புதிதாக வாங்கினால், முதல் சேவிஸிலேயே மாற்றிவிடுங்கள்.

எதை வாங்குவது

தொட்டியின் மூடியில் உள்ளதைப் படியுங்கள். ஜப்பான் கார்களில் பி.எஃப்-3 என்றிருந்தால் டொட் 3, பி.எஃப்-4 என்றால் டொட் 4. டொட் 3 கேட்கும் காருக்கு டொட் 4 ஊற்றலாம். டொட் 5 சிலிக்கோன் வகை, இவற்றோடு சேராது. எஞ்சின் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ ஒரு துளி கலந்தாலும் உள்ளேயுள்ள ரப்பர் சீல்கள் ஊதிவிடும். சிறிய காருக்கு 1 லீற்றர் போதும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும் சீல் உடைக்காத போத்தலாக இருக்கட்டும். திறந்து வைத்த போத்தல் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.

மாற்றும் முறை

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் வீட்டில் கைவைக்காதீர்கள். கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் இயங்கும். காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் உள்ள கராஜில்தான் செய்யவேண்டும். சாதாரணக் காருக்கு இரண்டு பேர், நிப்பிளுக்கு (சக்கரத்தருகே ஒயிலை வெளியே விடும் சிறிய திருகு) சரியான ரிங் ஸ்பானர் (பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீற்றர்), ஒளி ஊடுருவும் குழாய், வெற்றுப் போத்தல் போதும்.

1. எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியை ஜக்கால் உயர்த்தி ஸ்டான்டில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி அருகே போகாதீர்கள்.

2. தொட்டியிலுள்ள பழைய ஒயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் புதியதை மேல்கோடுவரை ஊற்றுங்கள்.

3. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (மிதியை அழுத்தும்போது ஒயிலைத் தள்ளும் பகுதி) மிகத் தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் என்பதால் வழக்கமான வரிசை இடது பின், வலது பின், இடது முன், வலது முன். காரின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

4. நிப்பிளில் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது புதிய ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். உள்ளே இருப்பவர் மிதியை அழுத்திப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறங்கள். ஒயில் வந்ததும் மூடுங்கள். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்கவேண்டும். முன்னதாக எடுத்தால் காற்று உள்ளே போகும். பழைய காரில் மிதியின் கீழ் ஒரு மரக்கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் வழமையாகப் போகாத பகுதியில் துரு இருக்கும், மிதி அடிவரை போனால் அது சீலைக் கிழிக்கும்.

5. தெளிவான ஒயில் குமிழியின்றி வரும்வரை திரும்பச் செய்யுங்கள். நான்கைந்து அழுத்தத்துக்கு ஒருமுறை தொட்டியைப் பாருங்கள். தொட்டி வற்றினால் காற்று மாஸ்டர் சிலிண்டருக்குள் போய்விடும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பகுதிவரை போனால் அதை எடுப்பது பெரும்பாடு.

6. நிப்பிளை அளவோடு இறுக்குங்கள், அதிகம் இறுக்கினால் முறியும். சிந்திய ஒயிலை உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எஞ்சினை இயக்கி மிதியை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. பஞ்சுபோல் இருந்தால் காற்று மிச்சமிருக்கிறது, வரிசையை மீண்டும் தொடங்குங்கள். வாகனம் இல்லாத ஒழுங்கையில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகே பெரிய வீதிக்கு ஏற்றுங்கள். பழைய ஒயிலைக் கானில் ஊற்றாமல், மூடிய போத்தலில் கழிவு ஒயில் எடுக்கும் கராஜுக்குக் கொடுங்கள். எஞ்சின் ஒயிலோடு கலக்கவேண்டாம். மாற்றிய திகதியை ஒரு துண்டில் எழுதிப் பொனட்டின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.